டிராகன் போட்ட டைம்டேபிள்

வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மத்தியானப் பொழுதாவது, தன் வீட்டில் தான் கடவுளாக இருந்துவிடுவது என்று அட்டவணைக்காரர் தீர்மானம் செய்தார். பேராசையெல்லாம் இல்லை. வாரம் முழுக்க வேண்டும் என்று கேட்கிற அளவுக்கு அவர் கல்யாணத்துக்குப் புதியவர் இல்லை.

அட்டவணைக்காரர் என்பது பேருந்துப் பணிமனையில் அவருக்கு வைத்த பெயர். எந்தப் பேருந்து எப்போது கிளம்ப வேண்டும், எந்த ஓட்டுநர் எப்போது வீட்டுக்குப் போக வேண்டும், எந்த வண்டி என்றைக்கு எண்ணெய் மாற்றப் படுக்க வேண்டும் என்று பெரிய தாளில் கலர் பேனாவால் கட்டம் போடுவது அவர் வேலை. நகரத்தில் பாதிப் பேர் அவர் இழுத்த கோட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அடுத்தவர் போட்ட கட்டம் தப்பாக இருந்தாலோ தண்ணீரே இறங்காது. ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், வீங்கின கன்னத்தோடு, நோயாளிகளை உள்ளே விடுகிற வரிசை சரியில்லை என்று வரவேற்பில் இருந்த பெண்ணுக்குப் புது அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டு, பல்லைப் பிடுங்க மறந்து திரும்பி வந்தவர் அவர்.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஒரு டிரைவிங் ஸ்கூலில் சம்பளத்துக்கு இருந்தாள். ஸ்டீயரிங்கைப் பார்த்தாலே வியர்த்துப்போகிறவர்கள், எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், மற்ற ஆசிரியர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தவர்கள், எல்லாரும் கடைசியில் அவளிடம்தான் வந்து சேருவார்கள். கொஞ்ச நாளில் தாங்களாகவே ஓட்டிக்கொண்டு போவார்கள். பெயர் முதலாளிக்குப் போகும்.

"ஓட்டத் தெரியாதவங்களுக்கு ஊர் பூரா ஸ்கூல் இருக்கு. ஓட்டப் பயப்படறவங்களுக்குன்னு ஒண்ணுகூட இல்ல. நான் தனியா ஒண்ணு ஆரம்பிக்கிறேனே. நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவள் கேட்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது.

"பார்க்கலாம்" என்றார் அவர்.

இரண்டு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். காபி குடிக்கும்போது பார்க்கலாம். செருப்பு மாட்டும்போது பார்க்கலாம். குளியலறைக்குள்ளிருந்து, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, பார்க்கலாம். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லாத ஆண்பிள்ளைகளுக்காகவே அந்த வார்த்தை உண்டானது.

உண்மை என்னவென்றால் அவருக்குப் பயம். மாதம் பிறந்தால் சம்பளம் என்கிற வாழ்க்கையைத் தவிர வேறு எதையும் அவர் எட்டிப் பார்த்தது கிடையாது. ஸ்கூல் படுத்துவிட்டால் அவள் முகம் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே அவர் தயாராக இல்லை. இதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஊரில் இருக்கிற பயந்தாங்கொள்ளிகளையெல்லாம் தேற்றி அனுப்புகிறவளிடம் போய், நானும் ஒரு கேஸ்தான் என்று எப்படிச் சொல்வது.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் மறுபடியும் கேட்டாள். அவர் மறுபடியும் பார்க்கலாம் என்றார். வழக்கமாக ஒரு சின்னச் சண்டை வரும். அன்றைக்கு அவள் "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்தச் 'சரிங்க' அவருக்குப் பிடிக்கவே இல்லை. அதையே நினைத்துக்கொண்டு கலர் பேனா வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்.

எழுதுபொருளோடு விளையாட்டுச் சாமானும் விற்கிற கடை அது. பேனா அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி இருந்தது. மேலே நெருப்புக் கக்கும் டிராகன்.

"இது என்னம்மா?"

"கதை விளையாட்டு சார். புதுசா ஆடறவங்களுக்கான பெட்டி. பகடை, வரைபடம், விதிப் புத்தகம், முதல் கதை, எல்லாம் உள்ளேயே இருக்கு. நீங்க ஒண்ணும் தெரிஞ்சு வச்சிருக்க வேண்டாம்" என்றாள் விற்கிற பெண்.

"எப்படி ஆடறது?"

"நாலு பேர் மேஜையைச் சுத்தி உக்காரணும். மூணு பேருக்கு ஆளுக்கொரு பாத்திரம். வீரன், மந்திரவாதி, வைத்தியர், திருடி, அந்த மாதிரி. ஒருத்தர் கதையை நடத்துவார். 'காட்டுக்குள்ள நிக்கிறீங்க, என்ன செய்றீங்க'ன்னு கேப்பார். இவங்க என்ன செய்றாங்கன்னு சொல்லுவாங்க."

"யாரு ஜெயிப்பாங்க?"

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க சார். எல்லாரும் சேந்து ஒரு கதை."

இது அவர் காதில் ஏறவில்லை. ஏறியது வேறு.

"கதையை நடத்தறவர் மழை பெய்யுதுன்னு சொன்னா?"

"பெய்யும்."

"பாலம் இடிஞ்சுபோச்சுன்னா?"

"இடிஞ்சுபோச்சுதான்."

"எதிர்ப்பேச்சு?"

"பாலத்தை எதிர்த்து யாரு சார் பேசுவாங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்காரம்மா ஆடினாலுமா?"

அந்தப் பெண் அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்."

பேனா வாங்கப் போனவர் பெட்டியோடு வந்தார்.

அந்த வாரம் முழுக்க, பணிமனையில் டீ இடைவேளைகளில், அவர் விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தார். கதையை நடத்துகிறவருக்கு நடத்துனர் என்று பெயர் போட்டிருந்தது. போக்குவரத்தில் இத்தனை வருடம் உழைத்து மேலே வந்து, கடைசியில் நடத்துனர் வேலைக்கு இறங்குவதா என்று ஒரு கணம் மனசு சுணங்கியது. ஆனால் இந்த நடத்துனருக்குச் சீட்டுக் கிழிக்கிற வேலை இல்லை. காற்றும் மழையும் இவர் சொன்னபடி கேட்கும். பொறுத்துக்கொண்டார்.

புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் ஒரு எச்சரிக்கை. முதல்முறை ஆடுகிறவர்கள் பெட்டியில் உள்ள கதையை அப்படியே நடத்துங்கள், நீங்களாக எதையும் மாற்றாதீர்கள் என்று. அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே தலை நரைத்தவரிடம் சொல்கிற பேச்சா அது? பெட்டியில் இருந்த குகைக் கதையைத் தூக்கி ஓரம் வைத்தார். தானே ஒன்று எழுதினார்.

ஒரு குதிரை வண்டிக்காரக் கிழவர். பெரிய முதலாளியிடம் சௌக்கியமாக வேலையில் இருந்தவர். அதை உதறிவிட்டு, ஊர் ஜனங்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று தனியாக ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். நாசமாய்ப் போனார். இப்போது சத்திரத்து மூலையில் உட்கார்ந்து அழுகிறார். அவ்வளவுதான் கதை. ஆடுகிறவர்கள் அவரைச் சந்திக்க வேண்டும், கேட்க வேண்டும், பாடம் படிக்க வேண்டும். நேராகச் சொன்னால் சண்டை வரும். கிழவர் சொன்னால் யாரோடு சண்டை போடுவாள்? இதற்குள் ஒரு உள்ளர்த்தம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியப்போவதில்லை என்று அட்டவணைக்காரர் மனசார நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து வரைபடத்தை விரித்தார். மனைவி, மனைவியின் தம்பி, எதிர்வீட்டு நர்ஸம்மா என மூன்று பேர் உட்கார்ந்தார்கள். மச்சினன் கைப்பேசி பழுது பார்க்கிறவன். நர்ஸம்மாவுக்கு அன்றைக்கு விடுமுறை. எதிர்ப்பக்கம் அவர். முன்னால் டிராகன் படம் போட்ட மடக்குத் தட்டி. தட்டிக்குப் பின்னால் அவர் என்ன எழுதுகிறார், பகடையில் என்ன விழுந்தது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. இருபது வருட இல்லறத்தில் அவருக்கு இப்படி ஒரு மறைப்பு கிடைத்ததே இல்லை.

"எல்லாரும் ஆளுக்கொரு பாத்திரம் எடுங்க" என்றார்.

"சாப்பாடு அப்புறம்தானா மாமா?" என்றான் மச்சினன்.

"அந்தப் பாத்திரம் இல்ல மச்சான். அட்டை. இதோ, வீரன், மந்திரவாதி, வைத்தியர், திருடி." அவர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார். "நர்ஸம்மாவுக்கு வைத்தியர். பொருத்தமா இருக்கும்."

"வேண்டாம் சார்" என்றார் நர்ஸம்மா. "வாரம் பூரா அதைத்தானே செய்றேன். இவன் கையில என்ன, கோடாலியா? இவனைக் குடுங்க."

மச்சினன் மந்திரவாதியை எடுத்துக்கொண்டு, மந்திரம் எத்தனை தடவை போட்டால் சார்ஜ் இறங்கும் என்று கேட்டான். மனைவி அட்டைகளை நிதானமாகப் புரட்டிப் பார்த்துத் திருடியை எடுத்தாள்.

"நீ எதுக்கு திருடி?" என்றார் அவர்.

"சத்தம் போடாம நடப்பாளாம். போட்டிருக்கு."

அவர் தொண்டையைச் செருமினார். குரலைக் கனமாக்கினார். "மழை பெய்கிறது."

யாரும் எதிர்க்கவில்லை. மச்சினன் தலைக்கு மேல் கையைக்கூட வைத்துக்கொண்டான். அட்டவணைக்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"மலையடிவாரத்தில் ஒரு சத்திரம். உள்ளே நுழைகிறீர்கள். மூலையில் ஒரு கிழவர், கந்தல் உடை, கலங்கிய கண்கள். என்ன செய்கிறீர்கள்?"

"கோடாலியை எடுக்கறேன்" என்றார் நர்ஸம்மா.

"கிழவர்ங்க அவர்."

"சும்மா எடுத்து வச்சுக்கறேன் சார்."

"நான் அவர் பக்கத்துல போய் உக்காரறேன்" என்றாள் மனைவி. "என்ன பெரியவரே, ஏன் அழறீங்க?"

அட்டவணைக்காரர் காத்திருந்த இடம். குரலை நடுங்க வைத்துக்கொண்டு கிழவராகவே ஆகிவிட்டார். நல்ல வேலையில் இருந்ததைச் சொன்னார். தனியாகப் பள்ளிக்கூடம் வைத்த முட்டாள்தனத்தைச் சொன்னார். நாசமானதைச் சொன்னார். நடுவில் இரண்டு முறை இருமினார். மேஜைக்கு அடியில் நர்ஸம்மா மனைவியின் காலை மெல்ல மிதித்தது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

"அதனாலதான் சொல்றேன் தாயே, இருக்கற வேலையை விடாதே" என்று முடித்தார்.

மனைவி உச்சுக்கொட்டினாள். "எத்தனை வண்டி வச்சிருந்தீங்க பெரியவரே?"

"ஒண்ணு."

"அது ரிப்பேரானா மாத்து வண்டி?"

இதைக் கிழவர் யோசித்திருக்கவில்லை. "இல்ல."

"யாருக்கு எப்ப வகுப்புன்னு நேரம் போட்டுக் குடுத்தது யாரு?"

"அது... யாரும் இல்ல. வர்றவங்க வந்தப்ப."

சொல்லும்போதே அட்டவணைக்காரருக்கு நாக்கு கூசியது. என்ன மனிதன் இந்தக் கிழவன் என்று தோன்றியது.

"அப்ப ஏன் படுக்காது?" என்றான் மச்சினன். "இவருக்கு வீட்ல யாரும் புத்தி சொல்லலையா மாமா?"

"தனி ஆளா பெரியவரே நீங்க?" என்று நர்ஸம்மா நேராகக் கிழவரையே கேட்டார்.

"பெண்டாட்டி இருந்தா" என்றார் அட்டவணைக்காரர், கிழவரின் குரலில், யோசிக்க நேரமில்லாமல்.

"ஆரம்பிக்கட்டுமான்னு அவளைக் கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

வாயில் வந்தது வெளியே விழுந்துவிட்டது. "பார்க்கலாம்னா."

மச்சினன் உருட்டப்போன பகடையைக் கையிலேயே பிடித்துக்கொண்டான்.

"அந்தப் பொம்பளை எங்க இருக்கா?" என்றார் நர்ஸம்மா. "நான் கோடாலியோட கிளம்பறேன்."

நிலைமை கைமீறுவது அட்டவணைக்காரருக்குப் புரிந்தது. இந்த மாதிரி நேரங்களில் என்ன செய்வது என்று விதிப் புத்தகத்தில் போட்டிருந்தது. டிராகனை அவிழ்த்துவிட வேண்டும்.

"வானம் இருள்கிறது" என்று எழுந்தே நின்றுவிட்டார். "மலை உச்சியிலிருந்து ஒரு டிராகன் இறங்குகிறது. சத்திரத்தின் கூரை பற்றி எரிகிறது. கிழவரின் வண்டி சாம்பல். இனி இந்த மலைப்பாதையில் ஒரு வண்டி ஓடாது. தனியாகத் தொழில் செய்ய நினைத்தவர்களின் கதி இதுதான். என்ன செய்கிறீர்கள்?"

"கோடாலி" என்றார் நர்ஸம்மா.

"இருங்க நர்ஸம்மா. நான் அதுகிட்ட பேசிப் பாக்கறேன்" என்றாள் மனைவி.

"டிராகன்கிட்ட பேசறதா? எரிச்சுடும்."

"பேசலாம்னு புத்தகத்துல இருக்கா இல்லையா?"

இருந்தது. அவர்தான் வாரம் முழுக்கப் படித்தவர். இல்லை என்று சொல்ல மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. இருபது முகப் பகடையை அவளிடம் நகர்த்தினார். அது அவ்வளவு சுலபமாக நடக்காது, பெரிய எண் விழ வேண்டும் என்று எச்சரித்தார். அவள் உருட்டினாள். இருபது விழுந்தது. வாழ்க்கையில் அவள் எதை உருட்டினாலும் அப்படித்தான்.

"டிராகனே, ஏன் வண்டியெல்லாம் எரிக்கிறே?" என்றாள்.

டிராகனுக்குக் காரணம் வேண்டும். அட்டவணைக்காரர் தட்டிக்குப் பின்னால் பேனாவைக் கடித்தார். அவருக்குத் தெரிந்த கோபம் ஒன்றே ஒன்றுதான்.

"வண்டிங்க கண்ட நேரத்துல வருது, கண்ட நேரத்துல போகுது" என்று உறுமினார். "ஒரு ஒழுங்கு இல்ல. நான் எப்பத் தூங்கறது?"

"நியாயம்தானே" என்றாள் மனைவி. "அப்ப ஒழுங்கா நேரம் போட்டு ஓட்டினா எரிக்க மாட்டியா?"

"ஒழுங்கா இருந்தா நான் எதுக்கு எரிக்கிறேன்?"

"சரி, நானே போட்டுக் காட்டறேன்." அவள் ஒரு தாளை இழுத்துக்கொண்டாள். பென்சிலை எடுத்தாள். ஸ்கேல் வைக்காமல் கோடு போட்டாள். கோடு ஆற்றங்கரை மாதிரி வளைந்தது. டிராகனுக்கு அப்போதே மூச்சு முட்ட ஆரம்பித்தது.

"மூணு வண்டி வச்சுக்குவோம். விடிஞ்சதும் மூணும் ஒண்ணா கிளம்பட்டும். மத்தியானம் ஒருத்தரும் வேண்டாம், சும்மா இருக்கட்டும். சாயங்காலம் கடை விடற கூட்டத்துல மறுபடியும் மூணும் ஒண்ணா. வண்டி மூணையும் சேத்து ஒரே நாள்ல பழுது பாத்துக்கலாம். அன்னிக்கு லீவு. எப்படி டிராகனே?"

தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது.

"இந்தக் கட்டம் காலியா கிடக்கு அக்கா" என்றான் மச்சினன்.

"கிடக்கட்டுமே. எதுக்கு எல்லாத்தையும் ரொப்பணும்?"

தட்டி சாய்ந்தது. தட்டிக்குப் பின்னாலிருந்து கடவுள், கிழவர், டிராகன் எல்லாரும் ஒரே ஆளாக எழுந்து வந்து பென்சிலைப் பிடுங்கினார்கள்.

"உனக்குக் கொஞ்சமாவது இது இருக்கா? மூணு வண்டியும் ஒண்ணா கிளம்பினா வாசல்லயே முட்டிக்கும். தள்ளு." ஸ்கேல் வந்தது. கலர் பேனாக்கள் வந்தன. புதுத் தாள் வந்தது. "காலையில வேலைக்குப் போறவங்க. அவங்களுக்கு அரை மணிக்கு மேல பொறுமை இருக்காது. பச்சை. பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினப்புறம் வீட்ல இருக்கறவங்க, நிதானமா வருவாங்க. நீலம். மத்தியானம் ரோடு காலி. பயந்தவங்களை அப்பதான் வெளிய எடுக்கணும். நல்ல நேரமே அதுதான், அதைப் போய் சும்மா விடறியே."

"பயந்தவங்க மத்தியானம்" என்று மனைவி பணிவாகத் திருப்பிச் சொன்னாள்.

"அவங்களுக்குச் சிவப்பு. சாயங்காலக் கூட்டத்துல முக்கால்வாசி கத்துக்கிட்டவங்க மட்டும். வண்டி ஒவ்வொண்ணும் வேற வேற நாள்ல சர்வீஸுக்குப் போகணும்."

"குதிரைக்கு சர்வீஸா மாமா?"

"லாடம்டா. லாடம் அடிக்கணும்ல? ரெண்டு வண்டியே போதும் ஆரம்பத்துல. ஒண்ணு ஓட, ஒண்ணு மாத்துக்கு. மூணாவது, ஆளுங்க சேந்தப்புறம்."

"டிராகன் தூங்கற நேரம்?" என்றார் நர்ஸம்மா.

"அது கிடக்குது." பேனா பறந்துகொண்டிருந்தது. "ரெண்டு வகுப்புக்கு நடுவுல கொஞ்சம் இடைவெளி விடணும். தொடர்ந்தாப்ல உக்காந்தா உனக்கு முதுகு பிடிச்சுக்கும். போன மழைக்காலத்துல எப்படிக் கஷ்டப்பட்டே."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் பார்க்கவில்லை. கடைசிக் கட்டத்தில் கடைசிக் கோட்டை இழுத்து, பேனாவை மூடி, தாளைத் தூரத்தில் பிடித்து ரசித்தார். பச்சையும் நீலமும் சிவப்புமாக, ஒரு காலிக் கட்டம் இல்லாமல், அவர் வாழ்நாளில் போட்ட அட்டவணைகளிலேயே அழகானது அதுதான்.

"ஓடுமா, இல்ல பகடை போட்டுப் பாக்கணுமா?" என்றாள் மனைவி.

"பகடை எதுக்கு? நான் போட்டது. ஓடும்."

"நெஜமாவா?"

"ஓடும்னா ஓடும். இது ஓடலன்னா எதுவும் ஓடாது."

மனைவி தாளை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. இரண்டு வருடமாக அவர் பார்க்கப் பயந்த முகம் இது இல்லை என்று அவருக்குப் புரிந்தது. வேறொன்றும் அதே நேரத்தில் புரிந்தது. அந்தத் தாளில் குதிரை எங்கேயும் இல்லை. தாளின் தலைப்பில் அவருடைய கையெழுத்திலேயே 'பயிற்சி வகுப்புகள்' என்று இருந்தது.

"அது ஆட்டத்துல" என்றார் பலவீனமாக.

"நாங்க சாட்சி சார்" என்றார் நர்ஸம்மா. கோடாலிக்காரன் அட்டையை மேஜைமேல் நிமிர்த்தி வைத்தார். "நான் ரெண்டு பேரை அனுப்பறேன். எங்க வார்டு டாக்டரம்மா கார் வாங்கி அப்படியே மூடி வச்சிருக்காங்க. எடுக்கப் பயம்."

அவர்கள் கிளம்பிப் போன பிறகு சமையலறையில் கணவனும் மனைவியுமாக டீக் கோப்பைகளைக் கழுவினார்கள். அவர் கழுவ, அவள் துடைத்து அடுக்கினாள்.

"நீ வேணும்னே தப்புத் தப்பா போடுவேன்னு நான் நினைச்சுக்கூடப் பாக்கல" என்றார் அவர். "நீ அவ்வளவு மக்கு இல்லையே."

"பயந்தவங்க கையில ஸ்டீயரிங்கைக் குடுத்தா பிடிக்க மாட்டாங்க" என்றாள் அவள். "எவ்வளவு தைரியம் சொன்னாலும் பிடிக்க மாட்டாங்க. அவங்களைப் பக்கத்துல உக்கார வச்சு நான் கோணல்மாணலா ஓட்டுவேன், ஆள் இல்லாத மைதானத்துல. கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பாங்க. அப்புறம் பொறுக்காது. 'தள்ளுங்க மேடம்'னு அவங்களே வந்து உக்காந்துடுவாங்க."

"சாதாரணமா அதுக்கு எத்தனை வகுப்பு ஆகும்?"

"சிலருக்கு மாசக்கணக்குல. நீங்க ஒரே வகுப்பு."

அவருக்குப் பெருமையாக இருந்தது. இது பெருமைப்படுகிற விஷயம்தானா என்பது உடனே பிடிபடவில்லை.

குழாயை மூடினார். அவளைப் பார்க்காமல், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் பார்க்கலாம் பார்க்கலாம்னு. நீ கஷ்டப்பட்டா எனக்குத் தாங்காது."

"தெரியும். எனக்கும் பயம்தான்."

"உனக்கா?"

"பின்னே? அதனாலதானே உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். உத்தரவு வேணும்னா கேட்டேன்? பக்கத்து சீட்ல ஒரு ஆள் வேணும்னு கேட்டேன்."

இதை அவள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவருக்குத்தான் இன்றைக்குக் கேட்டது. தான் போட்ட அட்டவணையை, அதில் மத்தியானத்தில் பயந்தவர்களுக்கென்று ஒதுக்கிய சிவப்புக் கட்டங்களை நினைத்துப் பார்த்தார். ஓடும் என்று வாய்தான் சொன்னது என்று நினைத்திருந்தார். இல்லை. உள்ளுக்குள்ளும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"உக்காரறேன்" என்றார். "நான் உக்காராம யாரு உக்காருவா?"

அவள் சிரித்தாள். அவர் போட்ட தாளைச் சமையலறைச் சுவரில், நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் போய்ச் சரிசெய்தார். தன் கையெழுத்தைச் சுவரில் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் நிமிர்வு வந்துவிட்டது. ஒரு வீடு என்றால் ஏதாவது ஒன்றையாவது குடும்பத் தலைவர் முடிவு செய்ய வேண்டாமா?

"ஆனா ஒண்ணு" என்றார். கதை நடத்தின கனமான குரல் திரும்பியிருந்தது. "எடுத்தோம் கவுத்தோம்னு எதுவும் செய்யக்கூடாது. நான் ரெண்டு மூணு வாரம் உக்காந்து நல்லா கணக்குப் போட்டு, எந்த நாள்ல நீ வேலையை விடணும்னு சொல்றேன். அந்த நாளை முடிவு பண்றது மட்டும் நான்தான். அது என் பொறுப்பு. என்ன?"

"சரிங்க" என்றாள் அவள். கடைசிக் கோப்பையைத் துடைத்து அடுக்கில் வைத்தாள்.

"போன வெள்ளிக்கிழமை உங்களுக்குச் சரிப்பட்டு வருமா?"